அட்டையில் இருக்கும் முகம்

இன்று குரோம்பேட்டை புத்தகக் கடையில் ஒரு பெண், நான் அட்டை வடிவமைத்த பேய் நாவலைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த அட்டை நான் பண்ணதுதாங்க" என்றேன்.

"இவங்கள எங்க பாத்தீங்க சார்?"

"நிஜ ஆள் இல்லீங்க. ஏஐ வரைஞ்ச முகம்."

"எங்க அக்கா சார் இது. காணாமப் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. புருவத்துல அந்தத் தழும்புகூட அப்படியே இருக்கு."

தழும்பு வேண்டும் என்று ஏஐயிடம் நான் கேட்கவே இல்லை. தானாக வந்தது. முகத்துக்கு உயிர் தருகிறதே என்று விட்டுவைத்தேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அக்காவுக்குப் பின்னாடி ஒரு வீடு தெரியுதே, அது எந்த ஊரு சார்?"

ஆளை நிறுத்தி வைப்பதுதான் நல்ல அட்டை என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் கீழே. அந்த வீட்டை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.