எர்த் போல்ட்டும் நீலப் பெயிண்டும்

அண்ணாதுரைக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மன்னிப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. ஒரகடம் பக்கம் கட்டட வேலைகளுக்குச் செங்கல் ஏற்றும் தன் டிராக்டரையும் டிரெய்லரையும் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.

தொண்ணூற்றொன்றில் ஆயுத பூஜைக்கு டிரெய்லருக்கு அவரே நீலப் பெயிண்ட் அடித்தார். ஓர் இடம் விடக்கூடாதென்று பின்விளக்குகளையும் எர்த் ஒயரை வண்டியின் இரும்போடு சேர்த்து முடுக்கிய போல்ட்டையும் கழற்றி அடித்து, காய்ந்ததும் பழையபடி மாட்டினார். பூசணிக்காய் உடைத்து வண்டியைக் கிளப்பினால், பின்விளக்கு எரியவில்லை.

நேராகத் தண்டலம் போனார். அந்த விளக்கு ஒயரிங்கைப் போன மாதம் போட்டுக் கொடுத்தவன் அங்கே கடை வைத்திருந்த ஜெபகுமார். நெடுநாள் சிநேகிதன். பூஜைப் பொரி இங்கிருந்து அங்கே போகும், கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கிருந்து இங்கே வரும்.

ஜெபகுமார் பல்பைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான். கரண்ட் வந்தது. குனிந்து எர்த் போல்ட்டைத் தடவியவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

“இன்னாடா முழிச்சிகினு கீற? பழைய ஒயரப் போட்டு ஏமாத்திட்டல்ல?”

பக்கத்து டீக்கடையிலிருந்த லாரிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“வண்டிய வுட்டுட்டுப் போண்ணே, நான் பாத்து வெக்கிறேன்” என்றான் ஜெபகுமார்.

“திருடங்கிட்ட வண்டிய வுடுவனா?” என்று கத்திவிட்டுக் கிளம்பினார் அண்ணாதுரை.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு எலக்ட்ரீஷியன் அந்தப் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“பெயிண்ட் மேல மாட்னா எர்த் எப்டி கெடைக்கும்? எந்தப் புண்ணியவான் வேல இது?”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! அண்ணாதுரைக்கு நெஞ்சு சுருக்கென்றது. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்த ‘நாளை’ கிறிஸ்துமஸ் வரை வரவில்லை. பலகாரமும் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலையே தண்டலம் போனார். கடை பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்து வீட்டில் ஜெபகுமாரின் மனைவி ஷெர்லின் இருந்தாள்.

“அவரு மறைமலை நகர்ல கம்பெனி வேலைக்குப் போறாருண்ணே. புதுசுன்னு இன்னிக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்க. நீங்க அன்னிக்கி அப்டி கத்துனதுக்கப்புறம் லாரிக்காரங்க யாரும் கடைப்பக்கம் வர்ல.”

“தப்பு என்னுதும்மா. நான் அடிச்ச பெயிண்ட்டுதான்...”

“அது அவருக்கு அன்னிக்கே தெரியும்ணே. அண்ணன் ஆசையா அடிச்சது, நாலு பேரு எதிர்ல சொன்னா அண்ணனுக்கு அசிங்கமாப் பூடும்னு சொல்லாம வுட்டாராம்.”

அண்ணாதுரை வாசற்படியில் உட்கார்ந்தார். ஷெர்லின் உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து வைத்தாள்.

“சாப்டுங்கண்ணே. இந்த வருசம் குடுத்தனுப்பத்தான் ஆளில்ல.”

ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். முடியவில்லை.