கழுவிய கூண்டும் கடிக்காத எலிகளும்

எலிகளைச் சண்டைக்கு மூட்டிவிட்டு, எத்தனை கடி என்று எண்ணி எழுதுவது என் தொழில். தென்காசிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை. கண்ணால் கண்டதை எழுதினால் திட்டு வாங்கும் சக துன்பவாசிகளே, கேளுங்கள்.

குற்றாலத்தில் ஒரு வேண்டுகோள்

சீசன் நேரம். சிப்ஸ் கடை அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசி போட்டு எலிகளை அடக்குவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு வரும் குரங்குகளுக்கும் ஒரு ஊசி வேண்டுமாம். மூளையில் கோபத்தை இழுத்துப் பிடிக்கும் ரசாயனம் ஒன்று உண்டு, எங்கள் மருந்து அதைக் கூட்டினால் கடி குறைகிறதா என்றுதான் பார்க்கிறோம், குரங்குக்கு இருப்பது கோபமில்லை, பசி என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, கொரங்க விடுங்க. பக்கத்துக் கடைக்காரனுக்குப் போடலாம்லா?"

புது உமி

எலி தன் கூண்டைச் சொந்த வீடு என்று நம்ப வேண்டும். அதனால் சோதனைக்கு முன் ஒரு வாரம் அடியில் கிடக்கும் உமியை மாற்ற மாட்டோம். தன் வாடை இருந்தால்தான், உள்ளே விடும் அந்நிய எலியை அது கடிக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும், அது வேறு விஷயம்.

போன வாரம் சோதனை நாளன்று இன்ஸ்பெக்‌ஷன். பேராசிரியர் போட்ட சத்தத்தில், துப்புரவு வேலை பார்க்கும் செல்லம்மாக்கா எல்லாக் கூண்டையும் கழுவி, வடகரை மில்லிலிருந்து வந்த புது உமியைப் பரப்பிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கழுவலன்னா அவரு ஏசுதாரு, கழுவுனா நீ ஏசுத. ஒங்களுக்கு எலியே தேவலட்டி!"

எல்லோரும் சாந்தம்

சோதனையைத் தள்ளிப்போடச் சொன்னேன். வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பேராசிரியர் ஒப்பவில்லை. எலிகள் ஒன்றையொன்று மோந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டன. மருந்து வேலை செய்கிறது என்று அவருக்கு முகமெல்லாம் பல்.

நான் நோட்டில், "கூண்டு கழுவப்பட்டது, இன்றைய எண்ணிக்கை செல்லாது" என்று சிவப்பு மையில் எழுதினேன். வந்தவர்கள் போனதும் பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கிழிக்க மாட்டேன் சார். ஒப்பிட்டுப் பாக்க வெறும் உப்புத் தண்ணி போட்ட எலியும்தான் கடிக்கல. உப்புத் தண்ணியவே மருந்துன்னு விப்பமா?"

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு வாரம் கழிச்சு திரும்பச் செய்யணும். அதுக்கு நீ இருப்பியான்னு நான் சொல்ல முடியாதும்மா."

இந்த மாதக் கடைசியில் கையெழுத்து விழுமோ விழாதோ தெரியாது, சாந்தப்படுத்தும் மருந்து அலமாரி நிறைய இருந்தும் எனக்குப் போடத்தான் இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.