பொத்தானை அமுக்கியது யார்

அந்த ஞாயிறு பகல் முழுக்கக் கணினிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்புத்தளையில் கட்டிக்கொடுத்த அக்காவும், ஸ்பிரிங்வெளித் தோட்டத்து நண்பர்கள் இருவரும், ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு என் பூதங்களோடு இணையத்தில் மோதும் பகடை ஆட்டம் அது. ஆட்டத்தை நடத்துபவன் நான். பொத்தானை அமுக்கினால் ஓடும் ஸ்கிரிப்டுகளை, அதாவது கணினிக்கான கட்டளை வரிகளை, எழுதுபவனும் நானே. அக்கா தன்னுடைய வீரனுக்கு மருந்து கொடுக்கப் பொத்தானை அமுக்கினால், என் பூதத்தின் காயம் ஆறியது.

"நான் அமுக்கினா ஒன்னோட பூதத்துக்கு ஏன்டா சொகமாகுது?" என்று ஹெட்போனில் கத்தினாள்.

மருந்து கொடுப்பதற்கு இரண்டு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன்; அவள் அமுக்கியது முதலாவதை. அது இரண்டாவதை என் கணினியில் ஓடவிட்டது. யார் அமுக்கினார்கள் என்று சொல்லாமல் வேலையை மட்டும் கைமாற்றியதால், அமுக்கியவன் நான்தான் என்று இரண்டாவது எடுத்துக்கொண்டது. எரிச்சலோடு உட்கார்ந்து, அக்காவின் பெயரையும் சேர்த்து அனுப்பும்படி ஒரு வரி எழுதினேன். அவளுடைய வீரன் எழுந்து நின்றான்.

"சரி, அப்பாவுக்கு போன் பண்ணணும். மாத்திர போட்டீங்களான்னு நான் கேட்டா அம்மா எரிஞ்சு விழுறாங்க. அதான் தெனமும் அப்பாவ கேக்கச் சொல்றேன்" என்று அக்கா போய்விட்டாள்.

இரவு பதுளையில் கடையை மூடிவிட்டு வந்த அப்பா நேரே அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போனார். "மாத்திர போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் குளிக்கப் போனதும் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இத்தன வருசத்துக்கு அப்புறம் இப்பதான் இந்த மனுசன் என்னய கவனிக்கிறாரு."

எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனேன். உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை இங்கே சேர்க்க மனம் வரவில்லை.