தேங்காய்ப்பூத் துண்டும் மல்மல் துணியும்

ஈரமான பயத்தமாவின் பச்சை வாசனையும், வெயிலில் காய்ந்து விறைத்த தேங்காய்ப்பூத் துண்டின் சொரசொரப்பும்தான் எனக்கு என் ஒன்பதாவது வயது. நாலாம் வகுப்பு அரைப்பரீட்சை சமயத்தில் நெற்றியில் பருக்கள் வந்தன. உடம்பும் அவசரப்பட்டு வளரத் தொடங்கியிருந்தது. என்னைவிட அம்மாதான் ஆடிப்போனாள். கல்யாண வீட்டில் யாராவது என்னை ஏற இறங்கப் பார்த்து வயதைக் கேட்டுவிட்டால் போதும், மறுநாள் காலையில் பயத்தமாவும் அந்தத் துண்டுமாக வந்துவிடுவாள், என் நெற்றி தொலைந்தது. "இது வளர்ற வயசாடி? எல்லாம் அழுக்கு. அழுத்தித் தேச்சா ஓடிடும்" என்பாள். பருவோடு சேர்த்து என் வளர்ச்சியையும் தேய்த்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. தேய்க்கத் தேய்க்க நெற்றி சிவந்து, இன்னும் நாலு பரு கிளம்பியதுதான் மிச்சம்.

மந்தைவெளியில் மாடியில் நாங்கள், கீழே நஸ்ரீன் குடும்பம். நஸ்ரீன் என் வகுப்புதான். அவளுக்கும் அதே வருஷம் பரு வந்தது. ஆனால் அவளுடைய அம்மா, நான் "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறவர், தினமும் சாயங்காலம் அவளைக் கடைசிப் படியில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, குழந்தை சோப்பின் நுரையை விரல் நுனியால் தடவி அலம்பிவிட்டு, பாண்டிபஜாரில் தையல்காரராக இருந்த நஸ்ரீனின் அப்பா கொண்டுவரும், வெட்டியதில் மிஞ்சிய மெல்லிய மல்மல் "பிட்டுத்துணி"யால் ஒற்றி ஒற்றி எடுப்பார். தேய்க்கவே மாட்டார். "கிள்ளாத கண்ணு, அதுவா அடங்கிடும்" என்பார். நஸ்ரீன் பூனைக்குட்டி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கும் எனக்கு வயிறு எரியும். அவளுக்கு சைக்கிள் வந்தபோதுகூட நான் பொறாமைப்படவில்லை. அந்தக் கை மட்டும் எனக்கு வேண்டும்போல இருந்தது.

ஒரு நாள் முகத்தை நனைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கி நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆன்ட்டி மகளுக்கு முடித்துவிட்டு, வேறு பிட்டுத்துணி எடுத்து என் நெற்றியில் வைத்தார். எரியாமல்கூட ஒருத்தர் முகம் துடைத்துவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நஸ்ரீன் முகத்தைச் சுருக்கி, முட்டியால் என்னை மெல்லத் தள்ளினாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தபோது படியில் குடத்தோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்காமலே மேலே திரும்பிப் போனாள்.

நான் மாடிக்குப் போனபோது, இன்னும் நன்றாகவே இருந்த தன் சுங்குடிப் புடவையின் ஓரத்தை அம்மா பரபரவென்று கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ இருக்கிறவளுக்கு மட்டும்தான் கை இருக்கா? உக்காரு."

இரண்டு ஒற்றல் மெதுவாகத்தான் ஒற்றினாள். மூன்றாவதில் பழக்கம் வந்துவிட்டது, தேய்த்துவிட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் தேய்த்தாள். எரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாடுபடுவதைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கீழே போகவும் இல்லை. சாயங்காலம் கீழே முகம் கழுவும் குவளைச் சத்தம் கேட்டால் உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். கடைசிப் படி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. நஸ்ரீன் குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாவும் இல்லை. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, அவளுக்கும் எல்லாம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. மென்மையான சோப்பு போதும், தேய்க்காமல் ஒற்றினால் போதும் என்றார் டாக்டர். தி.நகரில் ஒரு மீட்டர் மல்மல் வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாக அழுத்திவிட்டது, அச்சு அசல் அம்மாவின் கை.

"அம்மா, மெதுவா" என்றாள் மகள், மூடிய கண்ணைத் திறக்காமலே.

கையைத் தளர்த்திக்கொண்டேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொந்த அம்மாவிடம் சொல்லத் தெரியாமல்தான், நான் ஒரு மாடி இறங்கிப் போய் இன்னொருத்தியின் அம்மாவிடம் முகத்தை நீட்டினேன்.