மேல் தட்டுச் சித்திகள்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது போல வம்பு பிடித்த வேலை வேறில்லை. முயல் பேசுகிற கதையை நீட்டினால் ‘நாங்க என்ன எல்கேஜியா’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெரிய நாவலைக் கொடுத்தால் அடுத்த வாரமே அட்டை கசங்காமல் திரும்பி வரும். தென்காசியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் நூலக வகுப்பு என் பொறுப்பு. “அறிவு வளருத மாதிரி ஒரு புக் சொல்லுங்க டீச்சர்” என்று பெற்றோர்கள் வந்து நிற்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறிவு என்ன புடலங்காயா, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வளர்க்க?

என் அக்கா மகளும் எங்கள் பள்ளிதான். அவள் ஆறாம் வகுப்பில் இருந்த ஐப்பசியில், காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. அத்தானுக்குக் குற்றாலத்தில் துண்டும் எண்ணெயும் விற்கிற கடை. பள்ளி விட்டதும் நான்தான் பிள்ளையோடு டவுன் பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போய், சோறு பொங்கி வைத்து, மறுநாளைக்கான துணியைத் தேய்த்துவிட்டு வருவேன்.

அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். ஆனால் படித்தாள். அம்மா சாகிற கதை அவள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று நூலக அலமாரியைச் சலித்தேன். அப்போதுதான் கவனித்தேன், நம் கதைகளில் அம்மா செத்த அடுத்த பக்கத்திலேயே ஒரு சித்தி வந்துவிடுகிறாள். ஒருத்தி சூடு போடுகிறாள். ஒருத்தி பழைய சோற்றைக்கூட ஒளித்து வைக்கிறாள். அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் தாரத்துக்கும் தமிழில் ஒரே பெயர். இத்தனை வயதுக்கு எனக்கு இது உறைத்ததே இல்லை. அந்தச் சித்திகளையெல்லாம் மேல் தட்டில் ஏற்றி, முன்னால் அகராதிகளை அடுக்கி மறைத்தேன்.

அவள் ஏழாம் வகுப்புக்கு வந்த ஆனியில் என் அப்பா பேச்செடுத்தார். “வெளிய இருந்து எவளாவது வந்து பிள்ளையப் பாடாப் படுத்துததுக்கு, நீயே அத்தானக் கட்டிக்கிடலாம்லா?”

எனக்கு அத்தானைக் கட்ட ஆசையில்லை. அக்காவின் புருஷன் என்பதைத் தவிர வேறு எப்படியும் அவரைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேறொருத்தி வந்தால் பிள்ளை என் கையை விட்டுப் போய்விடுவாளே என்ற பயம் என்னை அரித்தது. அவளுக்காக, அவள் ஒருத்திக்காகத்தான் சரி என்றேன்.

யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். மறுவாரம் நூலக வகுப்பில் என் மேசைக்கு வந்தாள். வீட்டில் சித்தி என்றாலும் பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

“டீச்சர், சித்தி வருத கதை புக் ஒண்ணு வேணும்.”

“அது எதுக்குட்டி? நல்லாவே இருக்காது.”

“வேணும். அவங்க கெட்ட சித்தி ஆகுததுக்கு முந்தி எப்படி இருந்தாங்கன்னு அதுல இருக்கணும்.”

“ஏன்?”

“மொதல்ல நல்லாத்தான இருந்திருப்பாங்க? எப்பம் மாறுவாங்கன்னு தெரிஞ்சிக்கிடலாம்லா.”

மேல் தட்டில் இருந்த எல்லாச் சித்திகளும் எனக்கு அத்துப்படி. வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே கெட்டவர்களாகத்தான் வருகிறார்கள். அதற்கு முன் அவர்கள் யாருக்குத் தலை பின்னினார்கள், யாரை மடியில் போட்டுக்கொண்டார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

“அப்படி ஒரு புக் இல்லட்டி” என்றேன். நான் மாற மாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்கித் தள்ளினார்கள். அவள் வெறுங்கையோடு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அக்காவின் தலைத்திவசம் முடிந்து, தை மாதம் கோயிலில் வைத்து எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். “ஏட்டி, வீட்டுலயுமா டீச்சரு?” என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுகிறேன்.

சித்தி என்று கூப்பிடு என்று நான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கூப்பிட்டுவிடுவாள். எந்தச் சித்தியைக் கூப்பிடுகிறாள் என்றுதான் எனக்குத் தெரியாது.