அம்மா வைக்காத கைநாட்டு

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற அரசு பஸ் ஓட்டுநர்களின் இடத்தில் புது ஆள் போடவில்லை. இருந்தவர்கள் இரட்டை டூட்டி பார்த்து நொந்து, கடைசியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் ஊர் டவுன் பஸ் ஓட்டுநர், பள்ளிக்கூட நாளிலிருந்து நான் ஓடி வருவதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "கலெக்டரம்மா வாராக, வழி விடுங்கப்பா" என்று கேலி செய்கிறவர். அவரே முந்தின நாள் வந்து, நாளைக்கு ஏறாதே, கல் விழும் என்று எச்சரித்தார். மறுநாள் விருதுநகரில் எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஏறினேன். துணைக்கு அம்மாவும் வந்தாள்.

பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டும் ஒருவரைத் தற்காலிகமாக உட்காரவைத்துப் பஸ்ஸை எடுத்திருந்தார்கள். திருத்தங்கல் தாண்டியதும் பத்துப் பேர் மறித்தார்கள். முன்கண்ணாடி நொறுங்கியது. அடுத்த கல் சன்னலோரம் இருந்த அம்மாவின் புருவத்தில் விழுந்தது. எலும்பில் கல் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. என் ஹால் டிக்கெட் முழுக்க ரத்தம். வெளியே பார்த்தேன். எறிந்த கை இன்னும் தாழவில்லை. என்னைக் கலெக்டரம்மா என்கிறவருடைய கை.

காலடியில் கிடந்த அதே கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் ஓடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாலடி தூரத்திலிருந்து அந்த வாயைப் பார்த்து எறிந்தேன். உதடு கிழிந்து பல் தெறித்தது. இன்னொரு கல்லுக்குக் குனிந்தபோது யாரோ என் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு ஏழு தையல். பெண் காவலர் ஒருவர் புகார் எழுதித் தரச் சொன்னார். ஓட்டுநர் பெயரைப் போட்டு, ஒரு பிழையில்லாமல் எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீ எறிஞ்சத வாசிக்கலயே," என்றாள்.

என் மேல் வழக்கு விழுந்தால் அரசு வேலை அவ்வளவுதான் என்று காதோரம் சொன்னேன்.

"அவருக்கும் அரசாங்க வேலைதானட்டி."

"அவன் ஒன்னக் கொல்லப் பாத்தாம்மா."

"நீ மட்டும் பூவா எறிஞ்ச?"

காவலர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். பட்டாசு ஆலையில் மருந்துப் பொடி ஏறி நகக்கண் சாம்பல் நிறமாகிப்போன கட்டைவிரலை அம்மா உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ரெண்டையும் எழுது. வைக்கேன்."

அவள் கையைப் பிடித்து விரிக்கப் பார்த்தேன். என் நகம் அவள் தோலில் பதிந்தது. விரியவில்லை.

தாளைக் கிழித்தது நான்தான்.