கண் திறக்காத ஐந்து குட்டிகள்

குலசேகரத்தில் எங்கள் மரச்சீனிக் கிழங்குகளைப் பெருச்சாளி குடைந்து தின்றுகொண்டிருந்தது. விஷம் வைத்தேன். மறுநாள் தாய்ப் பெருச்சாளி செத்துக் கிடந்தது. வளையை மூடிவிடலாம் என்று மண்ணை வெட்டியபோது, உள்ளே காய்ந்த இலைகளுக்கு நடுவே ஐந்து குட்டிகள் கிடந்தன. கண் திறக்காத அவை பாலுக்காக வாயை அசைத்தன.

என் மனைவி அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தாள். இரண்டே நாளில் எல்லாம் செத்துப்போயின. அவள் அழுகை நிற்கவில்லை.

"ஏட்டி, எலிக்குட்டிக்காக இப்பிடி அழுவியா?" என்றேன்.

"இதுகள நான் கண்ணால பாத்தேன். நம்ம பிள்ளைய நீங்க எனக்குக் காட்டல்லியே."

ஏழாம் மாதத்தில் பிறந்து இறந்த எங்கள் மகளை, ஆஸ்பத்திரியில் மனைவிக்கு மயக்கம் தெளியுமுன் நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

"பிள்ள யாரப்போல இருந்துது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. துணியை விலக்கிப் பார்க்க அன்று எனக்கும் தைரியம் வரவில்லை.